பக்கத்தில் நிற்கும் இயந்திரக் கை
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு

'ரோபோ' என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருக்குத் திரைப்படத்தில் வரும் இரும்பு மனிதன்தான் நினைவுக்கு வருவான். இரண்டு கை, இரண்டு கால், கண்களில் சிவப்பு விளக்கு! ஆனால் தொழிற்சாலைகளில் உண்மையாகவே உழைக்கும் ரோபோக்களில் பெரும்பாலானவற்றுக்குத் தலையும் இல்லை, காலும் இல்லை. தோள், முழங்கை, மணிக்கட்டு என்று மூட்டுகள் அமைந்த ஒற்றைக் கை, அவ்வளவுதான். அந்தக் கை நெடுங்காலம் கம்பிக் கூண்டுக்குள் இருந்துகொண்டே வேலை செய்தது. இப்பொழுது கூண்டை விட்டு வெளியே வந்து, மனிதரின் அருகில், அதே மேசையில், அதே பொருளைத் தொட்டு வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது. இது எளிதாக நடந்துவிடவில்லை. ஏன் எளிதாக நடக்கவில்லை என்பதைத்தான் நாங்கள் எழுத முயல்கிறோம்.

நாங்கள் இப்பொருளை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அக்கா, மின்சாதனங்களைப் பொருத்தும் ஒரு தொழிற்சாலையில் மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறார். சென்ற ஆண்டு அவருடைய வரிசையில், அவருக்கு இடப்பக்கத்தில், இப்படிப்பட்ட கை ஒன்றை நிறுத்தினார்கள். அக்கா சிறிய மின்சுற்றுப் பலகையைப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து, இரண்டு ஒயர்களைச் செருகி நகர்த்த வேண்டும். கை நான்கு திருகாணிகளைப் போட வேண்டும். கேட்பதற்கு எவ்வளவு எளிது! ஆனால் ஒயர் சற்றே வளைந்து திருகாணித் துளையின்மேல் விழுந்துவிட்டால் கை நின்றுவிடும். சிவப்பு விளக்கு எரியும். அக்கா டெக்னீஷியனைக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பார். அந்த ஒரு மணி நேரத்தின் எண்ணிக்கை பலகையில் குறையும். சூப்பர்வைசர் வந்து கையைத் திட்டுவதில்லை, அக்காவைத்தான் திட்டுகிறார். "அதுக்கென்ன, அது பேசாம நிக்குது. நான்தானே பதில் சொல்லணும்" என்று அக்கா சொன்னபோது நாங்கள் சிரித்தோம். வீடு திரும்பும் வழியில் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலில் கூண்டின் கதையைக் கூறிவிடுகிறோம். 'ரோபோ' என்னும் சொல்லை உலகுக்கு அளித்தவர் செக் நாட்டு எழுத்தாளர் கரேல் சாப்பெக். அவர் 1920-ஆம் ஆண்டு வெளியிட்ட நாடகம் ஒன்றில் இச்சொல் முதன்முதலாக வந்தது. செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் கட்டாய உழைப்பு, அதாவது பண்ணையாருக்குக் கூலியின்றிச் செய்யும் வேலை. தொழிற்சாலைக்குள் வந்த முதல் ரோபோ 1961-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் நிறுவப்பட்ட 'யூனிமேட்' ஆகும். ஜார்ஜ் டெவோல், ஜோசப் எங்கல்பெர்கர் என்னும் இருவர் இதற்குக் காரணமானவர்கள். வார்ப்படத்திலிருந்து வெளிவரும் சூடான உலோகத் துண்டுகளை எடுத்து அடுக்குவது அதன் வேலை. மனிதர் செய்யத் தகாத வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்டது, நல்லதுதானே!

ஆனால் அந்தக் கைகளுக்குக் கண்ணும் இல்லை, தொடு உணர்வும் இல்லை. சொல்லிக்கொடுத்த பாதையில் சொல்லிக்கொடுத்த வேகத்தில் போய் வருவது ஒன்றே அவற்றுக்குத் தெரியும். 1979 ஜனவரி 25-ஆம் நாள் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளாட் ராக் என்னும் ஊரிலிருந்த வார்ப்பாலையில், அடுக்கிலிருந்து உதிரிப்பாகம் எடுக்க ஏறிய 25 வயதுத் தொழிலாளி ஒருவரை அத்தகைய கை தாக்கிக் கொன்றுவிட்டது. ரோபோவால் உயிரிழந்த முதல் மனிதர் என்று வரலாற்றில் அவரைக் குறிப்பிடுகிறார்கள். கைக்கு அவர்மேல் கோபம் ஏதும் இல்லை. அவர் அங்கே நிற்பது அதற்குத் தெரியாது. ஆகவேதான் கம்பி வேலியும், கதவைத் திறந்தால் மின்சாரம் நிற்கும் பூட்டும் எங்கும் கட்டாயமாயின.

வேலிக்குள் இருந்த ரோபோ பற்றவைப்பிலும் பெயிண்ட் அடிப்பதிலும் வல்லவனாயிற்று. (அதிலும் சறுக்கல் உண்டு. 1985-இல் டெட்ராய்ட் அருகே திறக்கப்பட்ட ஒரு கார் ஆலையில், ரோபோக்கள் காருக்குப் பதிலாக ஒன்றுக்கொன்று பெயிண்ட் அடித்துக்கொண்டன என்று அந்நாளைய செய்தித்தாள்கள் எழுதின!) பாகங்களைப் பொருத்தும் வேலை மட்டும் பெரும்பாலும் மனிதர் கையிலேயே நின்றுவிட்டது. ஏன்? தோழியரே, நீங்கள் ஊசியில் நூல் கோப்பதை எண்ணிப் பாருங்கள். நூல் துவள்கிறது, நுனி பிரிகிறது, விரல் அதை உணர்ந்து திருப்பிக்கொள்கிறது. நாம் யோசிப்பதுகூட இல்லை. ஒயர், ரப்பர் வளையம், துணி, பஞ்சு போன்ற துவளும் பொருள்கள் யாவும் இயந்திரத்துக்கு இன்றளவும் பெரும் சோதனையே. கார்களுக்குள் ஓடும் ஒயர்க் கட்டுகளைப் பெரும்பாலும் மனிதக் கைகளே இன்றும் கட்டுகின்றன.

இதற்கு அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனத்தின் கதையைவிட நல்ல சான்று எங்களுக்குக் கிடைக்கவில்லை. 'மாடல் 3' என்னும் மின்சாரக் காரை ஏறக்குறைய முழுவதும் இயந்திரங்களைக் கொண்டே உருவாக்கிவிடலாம் என்று 2017-இல் அந்நிறுவனம் முனைந்தது. மின்கலத் தொகுதியின்மேல் கண்ணாடி இழையால் ஆன மெல்லிய விரிப்பு ஒன்றை வைக்க ஒரு ரோபோ. பஞ்சு போன்ற அந்த விரிப்பை ரோபோவால் சரியாக எடுக்க முடியவில்லை. உற்பத்தி வரிசையே தடைப்பட்டது. பிறகு அந்த விரிப்பு எதற்காக என்று விசாரித்தார்களாம். சத்தத்தைத் தடுக்க என்று ஒரு குழு நினைத்திருந்தது; தீயைத் தடுக்க என்று மற்றொரு குழு நினைத்திருந்தது. வைத்தும் வைக்காமலும் சோதித்துப் பார்த்தால் வேறுபாடே இல்லை! விரிப்பையே நீக்கிவிட்டார்கள். 2018 ஏப்ரலில் நிறுவனத்தின் தலைவர் ஈலான் மஸ்க், அளவுக்கு மீறி இயந்திரமயமாக்கியது தம் தவறு என்றும், மனிதரைக் குறைவாக மதிப்பிட்டுவிட்டோம் என்றும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். வேலையைச் செய்யும் மனிதரிடம் "இது எதற்கு?" என்று முதலிலேயே கேட்டிருந்தால் எவ்வளவு பணம் மிஞ்சியிருக்கும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

மனிதரையும் ரோபோவையும் சேர்த்து வேலை செய்ய வைத்தால் என்ன என்னும் எண்ணம் 1990-களில் பிறந்தது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் எட்வர்ட் கோல்கேட், மைக்கேல் பெஷ்கின் ஆகிய இருவரும் 1996-இல் 'கோபாட்' என்பதை உருவாக்கினார்கள். கூடி உழைக்கும் ரோபோ என்பது அதன் பொருள். அவர்களுடைய முதல் கோபாட்டுக்குத் தானே நகரும் விசை கிடையாது. தள்ளும் விசை மனிதருடையது. வழிகாட்டுவது மட்டும் இயந்திரம். எவ்வளவு அடக்கமான தொடக்கம்! பின்னர் டென்மார்க் நாட்டின் ஓடென்சே நகரில் 2005-இல் தொடங்கப்பட்ட 'யுனிவர்சல் ரோபாட்ஸ்' என்னும் நிறுவனம், 2008 இறுதியில் தன் முதல் கையை ஒரு டேனிஷ் பிளாஸ்டிக் நிறுவனத்துக்கு விற்றது. அது வேலியின்றி நிறுவப்பட்டது. ஏறத்தாழ 18 கிலோ எடை கொண்ட அந்தக் கை 5 கிலோவைத் தூக்கும். எதன் மீதாவது இடித்தால் உடனே நின்றுவிடும்.

"இடித்தால் நிற்கும்" என்று சொல்லிவிட்டால் போதுமா? எவ்வளவு இடிக்கலாம் என்று யார் தீர்மானிப்பது? இவ்வினாவுக்கு விடை தேடியபோதுதான் எங்களுக்குப் பாடத்தில் படித்தது பயன்பட்டது. ஜெர்மனியின் மெய்ன்ஸ் பல்கலைக்கழகத்தில் 100 பேரை வைத்து, உடலின் 29 இடங்களில், எந்த அளவு அழுத்தத்தில் வலி தொடங்குகிறது என்று அளந்தார்கள். அதன் அடிப்படையில் 2016-இல் 'ஐ.எஸ்.ஓ. 15066' என்னும் உலகத் தர விதி வெளிவந்தது. கையும் விரல்களும் சிக்கி அழுந்த நேர்ந்தால் விசை 140 நியூட்டனைத் தாண்டக்கூடாது. முகத்துக்கோ 65 நியூட்டன்தான். தலையிலும் முகத்திலும் வந்து மோதும்படி வேலையை அமைக்கவே கூடாது. 2025-இல் திருத்தி வெளியிடப்பட்ட ரோபோப் பாதுகாப்பு விதிகளில் இவை சேர்க்கப்பட்டுவிட்டன.

140 நியூட்டன் என்றால் ஏறத்தாழ 14 கிலோவின் எடை. பள்ளி மருத்துவ அறையிலுள்ள எடை பார்க்கும் இயந்திரத்தைச் சிஸ்டரிடம் அனுமதி பெற்று வாங்கி வந்தோம். அதன்மேல் உள்ளங்கையை வைத்து, முள் 14-ஐக் காட்டும்வரை அழுத்தினோம். வலிக்கவில்லை. பிறகு இயந்திரத்தின்மேல் ஒரு பென்சிலின் மழுங்கிய முனையை நிறுத்தி, அதை உள்ளங்கையால் அழுத்தினோம். 4 கிலோவிலேயே எல்லோரும் கையை எடுத்துக்கொண்டோம். அதற்குமேல் முயல வேண்டாம் என்று சிஸ்டர் கூறிவிட்டார். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் வருவது என்று ஒன்பதாம் வகுப்பில் ஒப்பித்தோம், அன்றுதான் புரிந்தது! ஆகவே கை பாதுகாப்பானதா என்று கேட்பது தவறான கேள்வி. அந்தக் கை எதைப் பிடித்திருக்கிறது என்றே கேட்க வேண்டும். மென்மையான கை கூரிய தகட்டைப் பிடித்திருந்தால் அது கத்தி பிடித்த கைதான். ஒவ்வொரு தொழிற்சாலையும், ஒவ்வொரு வேலைக்கும், புதிதாகச் சோதித்தே ஆக வேண்டும். உதிரிப்பாகம் மாறினால் சோதனையும் மாற வேண்டும்.

அடுத்த சிக்கல் வேகம். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது அல்லவா? வேகத்தைப் பாதியாக்கினால் ஆற்றல் கால் பங்காகிறது. எனவே மனிதர் அருகில் இருக்கும்போது கை மெதுவாகத்தான் நகர வேண்டும். மெதுவாக நகர்ந்தால் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்தால் முதலாளி வாங்கியதற்கே வருந்துவார். இதற்காகவே, மனிதர் தள்ளி நிற்கும்போது வேகமாகவும் நெருங்கி வரும்போது மெதுவாகவும் இயங்கும்படி கேமராவும் சென்சாரும் வைத்துப் பார்க்கிறார்கள். அப்படி வைத்தால், ஒருவர் குனிந்து ஒரு நட்டை எடுத்தாலும் வரிசை தயங்குகிறது. இதனால் பல ஆலைகளில் கோபாட் என்று பெயரிட்டு வாங்கிய கை, மனிதரோடு சேர்ந்து உழைக்காமல், அவரவர் பங்கை அவரவர் முடிப்பதாகவே நின்றுவிடுகிறது. ஒரே பொருளை இருவரும் ஒரே நேரத்தில் தொடுவது அரிதாகவே இருக்கிறது.

நன்றாக அமைந்த இடங்களும் உண்டு. அமெரிக்காவின் ஸ்பார்ட்டன்பர்க் பி.எம்.டபிள்யூ. ஆலையில், காரின் கதவுக்கு உட்புறம் ஈரத்தையும் சத்தத்தையும் தடுக்கும் உறையை ஒட்ட வேண்டும். முன்பு தொழிலாளர்கள் கையுருளையால் அழுத்தித் தேய்ப்பார்கள். நாளெல்லாம் தேய்த்தால் மணிக்கட்டு என்னாகும்! 2013 முதல் அந்த அழுத்தும் வேலையைக் கோபாட் செய்கிறது; உறையை வைப்பது மனிதர். ஜப்பானில் சைதாமா மாநிலத்தில் நாணயம் எண்ணும் இயந்திரங்களைத் தயாரிக்கும் குளோரி நிறுவன ஆலையில், இரண்டு கைகளும் கேமராக் கண்களும் உடைய ரோபோக்கள் தொழிலாளர்களுடன் ஒரே வரிசையில் நின்று பொருத்துகின்றன. காலையில் நடக்கும் உடற்பயிற்சியிலும் அவை கையை உயர்த்தித் தாழ்த்துகின்றனவாம். எங்கள் பி.டி. வகுப்புக்கு இப்படி ஒன்று வந்தால் எங்களைவிட ஒழுங்காகச் செய்யும் என்று ஆசிரியை கூறுவார்!

நம் நாட்டிலும் பூனா அருகே சாக்கன் என்னும் ஊரில் பஜாஜ் ஆட்டோ நிறுவனம் 2010-லேயே மோட்டார் சைக்கிள் பொருத்தும் வரிசையில் கோபாட்களைச் சேர்த்துக்கொண்டது. அவ்வரிசையில் பெண்கள் பெருமளவில் வேலை செய்கிறார்கள். போல்ட்டை இறுக்குவதற்கு உடல் வலிமை வேண்டும் என்று முன்பு பெண்களை ஒதுக்கி வைத்த வேலைகள் எத்தனை! இறுக்குவது இயந்திரம், கவனிப்பது மனிதர் என்று ஆகும்போது அந்தத் தடை விலகுகிறது. மாணவியராகிய எங்களுக்கு இச்செய்தி மிகவும் மகிழ்ச்சி தந்தது என்பதை மறைப்பானேன்?

இப்பொழுது 'அறிவு' என்னும் பகுதிக்கு வருகிறோம். வெறும் கைக்குக் கேமராவும் கணிப்பொறியும் சேர்த்து, படங்களைக் காட்டிப் பழக்கினால், பெட்டியில் குவிந்து கிடக்கும் பாகங்களில் எது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அது தானே கண்டுபிடிக்கும். இது செயற்கை நுண்ணறிவு. ஆனால் பழக்கப்பட்ட இயந்திரம் தருவது ஒருவகை ஊகம்தான். எப்பொழுதும் உறுதியான விடை அன்று. சன்னல் வழியே மாலை வெயில் விழுந்தாலோ, பளபளப்பான பாகத்துக்குப் பதில் மங்கலான பாகம் வந்தாலோ அது தடுமாறக்கூடும். நூற்றுக்கு 99 முறை சரியாகச் செய்தால் தேர்வில் முதல் மாணவி. தொழிற்சாலையிலோ நூற்றில் ஒன்று தவறினால், நாளொன்றுக்கு ஆயிரம் பொருத்தும் வரிசையில் பத்து முறை சிவப்பு விளக்கு. மேலும், தானே கற்றுக்கொண்ட இயந்திரம் நாளை என்ன செய்யும் என்று முன்கூட்டியே நிரூபிப்பது மிகக் கடினம். ஆகையால் பொறியாளர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். எதை எடுப்பது என்று முடிவு செய்வதைக் கற்ற அறிவுக்கு விட்டுவிட்டு, எப்பொழுது நிற்பது என்பதைத் தனியான, எளிய, சோதித்து உறுதி செய்த சுற்றின் பொறுப்பில் வைக்கிறார்கள். அறிவாளியின் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டு, பிரேக்கைக் கண்டிப்பான வேறொருவரிடம் கொடுப்பது போல என்று எங்கள் அறிவியல் ஆசிரியை விளக்கினார்.

மனிதர் இயந்திரத்தை நம்புவதும் ஒரு சிக்கலே. அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாத கையின் அருகில் யாரால் நிம்மதியாக நிற்க முடியும்? பேராசிரியர் ராட்னி புரூக்ஸ் நிறுவிய 'ரீதிங்க்' நிறுவனம் 2012-இல் வெளியிட்ட 'பாக்ஸ்டர்' என்னும் ரோபோவுக்குத் திரையில் இரண்டு கண்கள் வரையப்பட்டிருந்தன. கையை நீட்டுமுன் கண்கள் அந்தப் பக்கம் பார்க்கும். பக்கத்தில் இருப்பவர் புரிந்துகொள்வார். எவ்வளவு அழகான எண்ணம்! மூட்டுகளில் சுருள்வில் வைத்து, இடித்தாலும் நோகாதபடி செய்திருந்தார்கள். ஆனால் அந்த நெகிழ்ச்சியே குறையாயிற்று. நுட்பமாகப் பொருத்துவதற்கு வேண்டிய துல்லியம் அதற்கு இல்லை. அந்நிறுவனம் 2018 அக்டோபரில் மூடப்பட்டது. மென்மையாக இருந்தால் துல்லியம் குறைகிறது. துல்லியமாக இருந்தால் விறைப்பாகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இத்துறை முழுவதும் தவித்துக்கொண்டிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக இருப்பது வேலை போய்விடுமோ என்னும் அச்சம். இதைப் பெரியவர்கள் எளிதாக, "புதிய வேலை வரும்" என்று சொல்லிவிடுகிறார்கள். வரலாம், ஆனால் பழைய வேலை போன அதே ஆளுக்கே புதிய வேலை வருமா? ஜெர்மனியின் மெர்சிடிஸ் நிறுவனம் 2016-இல், வகைவகையான தேவைகளைச் சமாளிக்கப் பெரிய ரோபோக்கள் சிலவற்றை எடுத்துவிட்டு மனிதர்களை மீண்டும் நிறுத்தியது. ஜப்பானின் டொயோட்டா, சில இடங்களில் இயந்திரத்தை ஒதுக்கிவிட்டு, உலோகத்தைக் கையால் அடித்து உருவாக்கும் பயிற்சியைத் தொழிலாளர்களுக்கு மீண்டும் அளித்தது. கை வேலை தெரியாதவருக்கு இயந்திரத்தைத் திருத்தத் தெரியாது என்பதே அவர்கள் கூறிய காரணம். திருத்தந்தை பதினான்காம் லியோ 2025 மே மாதம் கர்தினால்மாரிடம் பேசியபோது, தாம் இப்பெயரைத் தேர்ந்துகொண்டதற்கு ஒரு காரணம், 1891-இல் தொழிலாளர் நிலை குறித்துச் சுற்றுமடல் எழுதிய பதின்மூன்றாம் லியோ என்றும், இன்று செயற்கை நுண்ணறிவால் மற்றுமொரு தொழிற்புரட்சி நேர்ந்துள்ளது என்றும் குறிப்பிட்டார். மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் இதைச் சொன்னபோது, எங்கள் தோழி எழுந்து, "அக்காவின் வரிசையைப் பற்றித்தான் பேசுகிறீர்களா, சிஸ்டர்?" என்று கேட்டாள். சிஸ்டர் சிறிது நேரம் யோசித்து, "ஆமாம்" என்றார்.

அக்காவின் வரிசைக்குத் திரும்புவோம். தீபாவளிக்குப் பின் அங்கே ஒரு சிறு மாற்றம் நடந்தது. புதிதாக வந்த இளம் பொறியாளர் ஒருவர், அக்காவின் பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்து பார்த்தார். ஒயர் எப்படி வளைகிறது என்று கேட்டார். அக்கா, "சார், ஒயரைச் செருகும்போதே இடதுபக்கமா ஒரு மடிப்பு கொடுத்தா அது துளைமேல விழாது. நான் சொன்னா யாரு கேக்கறா?" என்றாராம். மடிப்பைத் தாங்க ஒரு சிறிய பிளாஸ்டிக் கொக்கி வைத்தார்கள். பிறகு கையின் மூட்டைத் தளர்த்திவிட்டு, அக்காவையே அதன் மணிக்கட்டைப் பிடித்து ஒவ்வொரு துளைக்கும் நடத்திச் செல்லச் சொன்னார். குழந்தையின் கையைப் பிடித்து 'அ' எழுத வைப்பது போல! சிவப்பு விளக்கு முன்னைவிட மிகவும் குறைவாக எரிகிறதாம்.

ஆயினும் ஒன்று மீதமிருக்கிறது. கையைக் கவனித்துக்கொள்ளும் ஆட்களாகச் சிலரைப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்போகிறார்கள். அவர்களுக்குச் சம்பளமும் கூடுதல். மற்றவர்களை வேறு பிரிவுக்கு மாற்றுவார்களோ, ஒப்பந்தம் முடிந்ததும் அனுப்பிவிடுவார்களோ, யாருக்கும் தெரியாது. பயிற்சியில் அந்தக் கையின் திரையில் வரும் வாசகங்கள் யாவும் ஆங்கிலம். அக்கா பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்தவர். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்தபின் நாங்கள் நால்வர் அக்கா வீட்டில் கூடுகிறோம். அவர் திரையில் பார்த்து எழுத்து எழுத்தாகக் குறித்துக்கொண்டு வரும் சொற்களுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டில் தமிழில் பொருள் எழுதித் தருகிறோம். 'புரொடெக்டிவ் ஸ்டாப்' என்பதற்கு 'ஆபத்து என்று தானே நின்றது' என்றும், 'பேலோட்' என்பதற்கு 'கை தூக்கும் எடை' என்றும் எழுதினோம். 'ரெஸ்யூம்' என்பதற்கு 'விட்ட இடத்திலிருந்து தொடங்கு' என்று எழுதியபோது, அக்கா அதை இரண்டு முறை வாசித்துவிட்டு அடிக்கோடிட்டார். சென்ற வாரம் வரை 63 சொற்கள் ஆகியிருக்கின்றன. பயிற்சிக்கான பட்டியல் அடுத்த மாதம் ஒட்டப்படும்.